நாற்சந்தி நாடு: காந்தாரத்தின் தொல்பொருளும் பண்டை வரலாறும்

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சங்க காலத்து யவன வாணிகம் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். முசிறித் துறையை நாடி வந்த மரக்கலங்களையும் அவை கொணர்ந்த பொற்காசுகளையும் பற்றி விளக்கிய வேளையில், கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் தன் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசொன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். "ஐயா, இந்தக் காசில் ஏன் மூன்று எழுத்து? ஒன்று போதாதா?" என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. வினாவோ நகைத்து விடுதற்குரியதன்று. மணியடித்துவிட்டமையால் அன்று விடை கூற இயலவில்லை. பின்னர்ப் பல பாடவேளைகளிலே துண்டு துண்டாகக் கூறியவற்றை ஒருங்குசேர்த்து, இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எழுத முற்படுகின்றேன்.

அவ்விடையைத் தேடி நாம் செல்லவேண்டிய நாடு காந்தாரம். இப்பெயர் நமக்குப் புதியதன்று. பாரதக் கதையிற் காந்தாரியையும் சகுனியையும் அறிவோம். ஏழு சுரங்களுள் ஒன்றாகவும், தேவாரப் பண்களுள் ஒன்றாகவும் காந்தாரம் என்னும் பெயர் நம் காதில் ஒலிக்கின்றது. ஆயினும் அப்பெயருடைய நாடு எங்கிருந்தது, எத்தகையது என்று கேட்டால் நம்மிற் பலர் விடை கூறத் தயங்குவர்.

நாடும் அதன் வழிகளும்

இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கிலே, காபூல் ஆறு சிந்து நதியோடு கலக்கும் இடத்தைச் சூழ்ந்து கிடக்கும் பெசாவர்ச் சமவெளியே பண்டைக் காந்தாரத்தின் நடுப்பகுதியாகும். சிந்துவின் கீழைக்கரைக்கு அப்பால் உள்ள தட்சசீலமும், வடக்கே சுவாத் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதனோடு நெருங்கிய தொடர்புடையன.

நாட்டுப் படத்தை விரித்து வைத்து நோக்குக. மேற்கே கைபர் முதலிய கணவாய்களின் வழியாகக் காபூலுக்கும், அங்கிருந்து இந்துக்குஷ் மலையைக் கடந்து பாக்திரியாவுக்கும் பாரசீகத்துக்கும் பாதை செல்கின்றது. வடக்கே மலையிடுக்குகளின் ஊடாக நடு ஆசியாவுக்கும் சீனத்துக்கும் வழியுண்டு. கிழக்கே கங்கைச் சமவெளிக்குச் செல்லும் பெருவழி. தெற்கே சிந்து நதி கடல்வரை கொண்டுசெல்லும். நான்கு திசை வழிகளும் கூடும் இத்தகைய இடத்தை நம்மூரிற் சந்தி என்போம். சந்தியில் வீடு கட்டியிருப்பவன் நாளெல்லாம் புதியவரைக் காண்பான், வணிகமுஞ் செய்வான், வந்த கள்வரையும் அவனே முதலில் எதிர்ப்படுவான். காந்தாரத்தின் வரலாறு முழுதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும்.

மண்ணடியிற் கிடைத்த முதற் சுவடுகள்

அரசர் பெயர்கள் தெரியவருமுன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர். தட்சசீலத்துக்கு அண்மையிலுள்ள சராய் கோலா என்னும் மேட்டிலே, உலோகம் அறியாத உழவர் வாழ்ந்த படைகளும் அவற்றின் மேல் சிந்துவெளி நாகரிகத்துக்கு முற்பட்ட மட்கலப் படைகளும் அகழப்பட்டுள்ளன. சுவாத் பள்ளத்தாக்கிலே கி. மு. 2ஆம், 1ஆம் ஆயிரத்தாண்டுகளுக்குரிய இடுகாடுகள் பல கிடைத்துள்ளன. இருக்கு வேதம் காந்தாரத்து ஆட்டின் மயிரைச் சிறப்பித்துக் கூறுகின்றது.

இந்நாட்டின் பழைய தலைநகர்களுள் ஒன்றாகிய புட்கலாவதி, இன்று சார்சதா எனப்படும் ஊரிலுள்ள பாலா கிசார் மேடாகும். சேர். மோட்டிமர் வீலர் 1958ஆம் ஆண்டில் அதனை அகழ்ந்து, அந்நகர் பாரசீகர் ஆட்சியோடு தொடங்கியது எனக் கருதினார். 1990களில் அதே மேட்டை மீண்டும் அகழ்ந்தோர் கரிமக் காலக்கணிப்பின் துணைகொண்டு, அங்கு மக்கட் குடியிருப்பு கி. மு. 2ஆம் ஆயிரத்தாண்டிலேயே தொடங்கிவிட்டது எனக் காட்டினர். புறத்தேயிருந்து வந்தோரே நகரை ஆக்கினர் என்ற முடிபு இவ்வாறு திருத்தம் பெற்றது. சந்தியை வழிப்போக்கர் மட்டும் ஆக்குவதில்லை; அங்கு முன்பே ஒரு வீடு இருந்தது என்பதை மாணவர் மனங்கொள்க.

பாரசீகரும் பாணினியும்

கி. மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காந்தாரம் பாரசீகப் பேரரசின் ஒரு மாகாணமாயிற்று. தாரயவௌ என்னும் டாரியசு மன்னன் பெகிஸ்தூன் மலைப்பாறையிற் பொறித்த சாசனத்தில் அவனுக்கு அடங்கிய நாடுகளுள் காந்தாரமும் எண்ணப்படுகின்றது. அவன் சூசாவிற் கட்டிய அரண்மனைக்கு மரம் அனுப்பிய நாடுகளுள்ளும் இது ஒன்று.

பாரசீகர் ஆட்சி அலுவல்களை அரமேயிக மொழியில் எழுதினர். அந்த எழுத்தை அடியாகக் கொண்டு, உள்ளூர்ப் பிராகிருதத்தின் ஒலிகளுக்கேற்ப ஆக்கப்பட்டதே கரோட்டி எழுத்து. அரமேயிகம் போல அதுவும் வலமிருந்து இடமாகச் செல்லும். ஆனால் உயிர்மெய்களைக் காட்டும் முறை நம் எழுத்துகளின் முறையை ஒத்தது. அயலான் தந்த கருவியைத் தன் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்ட திறமை அதிற் புலனாகும்.

சமக்கிருத இலக்கணத்தின் தலையாய ஆசிரியராகிய பாணினி இந்நாட்டுச் சலாதுரம் என்னும் ஊரினர். அவர் தம் இலக்கணத்திலே யவனர் என்ற பெயரைக் குறிப்பிடுகின்றார். அதிலிருந்து பிறக்கும் சொல்லுக்கு யவனரின் எழுத்து எனப் பிற்காலத்துக் காத்தியாயனர் பொருள் உரைத்தார். பல மொழிகள் செவியிற் படும் சந்தியிலே பிறந்தமையாற்போலும், தம் மொழியின் அமைப்பை இத்துணை நுட்பமாகக் காண அவருக்கு இயன்றது என எனக்குத் தோன்றுவதுண்டு. பிறமொழி கேளாதவன் தன் மொழியின் இயல்பையும் முழுதும் அறியான்.

பாறையில் எழுதிய பெயர்கள்

கி. மு. 326ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் சிந்துவைக் கடந்தான். தட்சசீலத்து அரசன் ஆம்பி அவனை எதிர்த்துப் பொராது வரவேற்றான். யவனப் படை திரும்பிச் சென்ற சில ஆண்டுகளுள் மோரியர் ஆட்சி இங்குப் பரவியது. மோரியருள் அசோகன் கி. மு. 3ஆம் நூற்றாண்டிலே தன் அறவாணைகளை நாடெங்கும் பாறைகளில் வெட்டுவித்தான்.

ஏனைய மாகாணங்களிற் பிராமி எழுத்தைக் கையாண்ட அவன், காந்தாரத்துச் சபாசுகடியிலும் அதற்குக் கிழக்கேயுள்ள மன்சேராவிலும் அம்மக்கள் அறிந்த கரோட்டியிலே எழுதுவித்தான். தட்சசீலத்தின் சிர்க்கப்பிலே 1915ஆம் ஆண்டில் அரமேயிகக் கல்வெட்டொன்று கிடைத்தது. காந்தாரத்துக்குத் தென்மேற்கே, இன்றைய கந்தகாரில் 1958ஆம் ஆண்டில் வெளிப்பட்ட பாறையிலோ, மேலே கிரேக்கமும் கீழே அரமேயிகமுமாக ஆணை காணப்படுகின்றது. தர்மம் என்னும் சொல்லை அவ்வாறே எழுதிவிடாது, தெய்வபக்தி எனப் பொருள்படும் யூசேபையா என்னும் கிரேக்கச் சொல்லால் மொழிபெயர்த்திருக்கின்றனர். அறம் கேட்போன் மொழியிற் கூறப்படாவிடின் அறமாகச் சென்று சேராது என்பதை அப்பேரரசன் உணர்ந்திருந்தான்.

சபாசுகடிப் பாறையில் நமக்கு வியப்புத் தருவது இன்னொன்றுண்டு. அசோகனின் 2ஆம், 13ஆம் ஆணைகள் அங்கே உள்ளன. அவற்றிற் சோழர், பாண்டியர், தாம்பிரபரணி எனப்பட்ட இலங்கை ஆகிய பெயர்கள் யவன அரசரின் பெயர்களோடு ஒருங்கே இடம்பெறுகின்றன. இமயச் சாரலிலே, வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்திலே, சோழ பாண்டியரின் பெயர் 2,200 ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலவுகின்றது. நம் வரலாற்றின் பழஞ்சான்றுகளுள் ஒன்றை நாமே காணாத ஒரு நாடு காத்து வைத்திருக்கின்றது.

இரு முகக் காசு

மோரியர் ஆட்சி தளர்ந்தபின் பாக்திரியாவிலிருந்த கிரேக்க அரசர் கி. மு. 2ஆம் நூற்றாண்டிலே காந்தாரத்துட் புகுந்தனர். மாணவனின் வினாவுக்கு விடையாகும் காசு இவர்கள் அடித்ததே. மெனாந்தர் என்னும் அரசனின் வெள்ளிக் காசை எடுத்துக்கொள்வோம். ஒரு புறத்தில் அரசன் தலையும், காவலனாகிய மெனாந்தர் அரசன் என்னும் பொருளுடைய கிரேக்க எழுத்தும் உள்ளன. மறுபுறத்தில் அதே பொருள் கரோட்டி எழுத்திலே, பிராகிருத மொழியிலே காணப்படுகின்றது. பாசிலியசு என்பது மகாராசன் ஆகின்றது; சோத்தர் என்பது திராதா ஆகின்றது.

அகதொக்கிளிசு என்னும் அரசன் சில காசுகளிற் பிராமி எழுத்தையும் பொறித்தான். வட ஆப்கானிஸ்தானத்து ஆய் கனூமிலே 1970ஆம் ஆண்டிற் கிடைத்த அவனுடைய காசுகளில் ஒருபால் கலப்பை ஏந்திய பலராமரும், மறுபால் சக்கரம் ஏந்திய வாசுதேவரும் காட்சி தருகின்றனர். தட்சசீலத்து அரசன் அந்தியல்கிதனின் தூதனாகச் சென்ற எலியதோரன் என்னும் யவனன், நடு இந்தியாவின் பெசுநகரிலே வாசுதேவருக்குக் கருடத்தம்பம் நாட்டித் தன்னைப் பாகவதன் எனப் பொறித்தான். அத்தம்பம் இன்றும் நிற்கின்றது.

இவையெல்லாம் அன்பினால் மட்டும் நிகழ்ந்தன என்று கூறேன். அந்நிய அரசனுக்கு வரி வேண்டும். வரிக்குச் சந்தையிற் செல்லுங் காசு வேண்டும். சந்தையில் உள்ளவர் தாம் வாசிக்கக்கூடிய காசையே நம்புவர். படைகொண்டு பிடித்த நாட்டையும் மக்கள் மொழியை மதியாது ஆளல் இயலாது என்பதை அவ்வரசர் தேவையினாற் கற்றனர். தேவையினாற் கற்றதாயினும் நல்ல பாடம் நல்ல பாடமே.

சிர்க்கப்பும் பெக்ராமும்

தட்சசீலத்தின் இடிபாடுகளை இன்னவை எனக் கன்னிங்காம் 1860களில் அடையாளங் கண்டார். சேர். யோன் மார்சல் 1913 முதல் 1934 வரை அங்கு அகழ்ந்து மூன்று நகரங்களை வெளிப்படுத்தினார். பழையது பீர் மேடு. வளைந்து நெளிந்த தெருக்களை உடையது. அடுத்தது கிரேக்கர் காலத்திலே தோன்றிய சிர்க்கப்பு; அதன் பெருந்தெரு நேரே செல்ல, சிறு தெருக்கள் செங்கோணமாகப் பிரிகின்றன. மூன்றாவது குசானர் நகராகிய சிர்சுக்கு.

சிர்க்கப்பின் பெருந்தெருவருகே சிறு தூபி ஒன்றின் அடித்தளம் உண்டு. அதன் முகப்பிலே மூவகை மாடங்கள் செதுக்கப்பட்டுள்ளன: கிரேக்கக் கோயிலின் முக்கோண முகடுடையது ஒன்று, வளைந்த இந்தியக் கூரையுடையது ஒன்று, தோரணவாயில் ஒன்று. மூன்றும் ஒரே சுவரில், ஒன்றையொன்று மறையாது நிற்கின்றன.

கிரேக்கருக்குப்பின் சகரும் பகலவரும் வந்தனர். கி. பி. 1ஆம் நூற்றாண்டிலே குசானர் வந்தனர். குசானப் பேரரசன் கனிட்கனின் காசுகளிற் கிரேக்க, ஈரானிய, இந்தியத் தெய்வங்களும் புத்தரும் தோன்றுகின்றனர். அவனுக்கு முன் ஆண்ட வீம கத்பீசனின் காசுகளிற் காளையோடு நிற்கும் சிவவடிவைக் காணலாம். மகேசுவரப் பெயரும் அவற்றின் பொறிப்பில் உண்டு. மனித வடிவிற் புத்தரைச் செதுக்கிய காந்தாரச் சிற்பக்கலை தழைத்ததும் இக்காலத்தே.

காந்தாரத்துக்கு மேற்கே, காபூலுக்கு வடக்கேயுள்ள பெக்ராமில் 1937ஆம், 1939ஆம் ஆண்டுகளிற் பிரெஞ்சு ஆய்வாளர் இரண்டு அறைகளைத் திறந்தனர். பண்டே சுவர் எழுப்பி அடைக்கப்பட்ட அவ்வறைகளுள்ளே உரோமப் பேரரசின் கண்ணாடிக் கலங்களும், இந்திய யானைத்தந்தச் செதுக்குகளும், சீன அரக்குப் பாத்திரங்களும் ஒருங்கே கிடந்தன. சந்தி நாட்டின் இயல்பைக் கூற இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மறந்ததும் மீண்டதும்

பின்னர் வணிக வழிகள் மாறின. ஊணர் படையெடுப்புகளும் நிகழ்ந்தன. கி. பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காந்தாரத்தைக் கடந்து சென்ற சீனத் துறவி பாகியான் அங்கு விகாரைகள் சிறந்திருக்கக் கண்டார். அவரே பின்பு இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கினார். கி. பி. 630 அளவிற் சென்ற யுவான் சுவாங் கண்டவை பெரும்பாலும் பாழ்பட்ட விகாரைகள். கரோட்டி எழுத்து வழக்கொழிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதனை வாசிப்பார் இலர்.

அதனை மீட்டது எது? அந்த இரு முகக் காசே. 1830களிலே சார்ல்சு மாசன் என்பவர் பெக்ராம்ப் பகுதியிற் பல்லாயிரம் காசுகளைத் திரட்டினார். அவர் வாங்காது விட்டவை கன்னாரின் உலைக்குட் போயின. ஒரு புறத்துக் கிரேக்கப் பெயரையும் மறுபுறத்து அறியா எழுத்தையும் ஒப்புநோக்கி மெனாந்தர் முதலிய பெயர்களை அவர் இனங்கண்டார். யேம்சு பிரின்செப் முதலியோர் அவ்வழியே சென்று கரோட்டியை வாசித்தனர். பிராமிக்கும் அகதொக்கிளிசின் காசு உதவிற்று. 1836ஆம் ஆண்டில் இலாசன் அதனால் அவன் பெயரெழுத்துகளை அறிந்தார். 1837ஆம் ஆண்டிற் பிரின்செப் பிராமி முழுவதையும் வாசித்தார். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை நாம் இன்று வாசிப்பதற்கும் அதுவே அடிப்படை.

பாறையை வாசித்தபின்னும் ஒரு தடை இருந்தது. ஆணைகளிற் பியதசி என்ற பெயரே பெரும்பாலும் காணப்பட்டது, அவன் யாவன்? இலங்கை மன்னனோ எனவும் பிரின்செப் ஐயுற்றார். இலங்கையிற் சிவில் உத்தியோகத்தராயிருந்து பாளி வமிச நூல்களை ஆராய்ந்த யோர்ச் ரேணர் என்பவரே, பியதசி எனப்பட்டவன் அசோகன் எனத் தீபவமிசத்தைக் கொண்டு நிறுவினார். இந்தியப் பாறையின் பூட்டுக்குரிய திறவுகோல் இலங்கை ஏட்டிலே இருந்தது. மெனாந்தரும் அவ்வாறே: தன் நாட்டில் மறக்கப்பட்ட அவனை, மிலிந்தன் என்னும் பெயராற் பாளி நூலொன்று இலங்கையிலும் பர்மாவிலும் நினைவிற் காத்தது. கொந்தபாரன் என்னும் பகலவ அரசனோ, சிரிய நாட்டுக் கிறித்தவரின் தோமையார் கதையில் மட்டும் வாழ்ந்தான். காசுகள் கிடைத்தபின்பே அவன் மெய்யாக ஆண்டவன் என்பது தெளிந்தது.

நமக்குரிய பாடம்

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஓர் இனத்தாரின் வரலாறு அவர்தம் கையில் மட்டும் இருப்பதில்லை. அயலார் கையிலும் இருக்கின்றது. சோழ பாண்டியர் பெயரைக் காந்தாரப் பாறை காத்தது. அசோகன் பெயரை இலங்கை ஏடு காத்தது. வழக்கொழிந்த கரோட்டியை அருகே நின்ற கிரேக்கம் காத்தது. அக்காசில் ஓரெழுத்தே போதும் என ஓர் அரசன் எண்ணியிருப்பின், அழிந்திருப்பது மற்றவன் மொழி மட்டுமன்று. நாம் பெற்ற திறவுகோலும் அழிந்திருக்கும். "மூன்று எழுத்து எதற்கு?" என்று கேட்ட மாணவனுக்கு நான் கூறிய விடை இதுவே: "தம்பி, ஒன்று மறந்தாலும் மற்றது நினைவூட்டும்."

காத்தல் எளிதன்று. 1990களின் போரிலே காபூல் நூதனசாலை எறிகணைக்கு இலக்காகிக் கொள்ளையும் போயிற்று. ஆயினும் அங்குப் பணியாற்றிய சிலர் அரும்பொருள்கள் பலவற்றை முன்னரே பெட்டிகளிலிட்டு மறைத்து, ஆண்டுக்கணக்காக வாய்திறவாதிருந்தனர். 2004ஆம் ஆண்டளவில் அப்பெட்டிகள் திறக்கப்பட்டபோது பெக்ராமின் தந்தச் செதுக்குகள் பலவும் மீண்டன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பரானதை அறிந்த நமக்கு, அவ்வூழியரின் மௌனத்தின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

பழைய மாணவர்களே, இன்று நீவிர் உலகின் பல சந்திகளிலே வாழ்கின்றீர். உங்கள் ஊர் வீட்டுப் பரணிலே ஏட்டுக்கட்டொன்று கிடந்தால், கறையான் தின்னுமுன் தக்காரிடம் சேர்ப்பியுங்கள். கிணறு வெட்டும்போது பழங்காசு வெளிப்பட்டால், புளியிட்டு விளக்கவேண்டாம். உருக்கக் கொடுக்கவும் வேண்டாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அறிவியுங்கள். 1980ஆம் ஆண்டளவில் ஆனைக்கோட்டையிற் கிடைத்த சிறு முத்திரையிலும் மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்துகள் என இரு வரிகள் உள. அக்குறியீடுகள் இன்னும் வாசிக்கப்படவில்லை. அதற்குரிய திறவுகோல் எந்த ஊரில், எவர் வீட்டு மண்ணில், எந்த மொழிக்கு அருகே கிடக்கின்றதோ யார் அறிவார்?

அதனைக் கண்டெடுப்பவன் நம் கல்லூரியின் கடைசி வாங்கிலிருந்து காசைப் புரட்டிப் பார்த்த அம்மாணவனே ஆகுக என வேண்டி அமைகின்றேன்.